சகிரானின் தலையில் தங்கிய மழை

எங்கள் ஊர் காராங்லோவில் மழை மேகத்தில் இருப்பதில்லை. பாக் சகிரானின் மண்டைக்குள் இருக்கிறது. இடது பக்கம், புருவத்துக்குச் சற்று மேலே. இதைக் கேட்டு வானிலைக்காரர்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் மழைக்காலத்தில் ஒரு மகளுக்குக் கல்யாணம் வைத்து, சிந்தோரோ மலைச்சரிவில் பந்தல் போட்டு, விருந்தாளிகள் அத்தனை பேரும் நனைந்த சோற்றுத் தட்டோடு எழுந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். காத்திருக்கிறோம்.

சகிரானுக்குக் கடைத்தெரு முனையில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை. ஒல்லியான மனிதர். மரியாதையாக எல்லோரும் பாக் என்போம், அதாவது ஐயா. பேச்சு குறைவு. அவருக்குச் சிறுவயதிலிருந்தே தலைவலி உண்டு. அது மற்றவர்களுக்கு வருகிற தலைவலி இல்லை. முதலில் கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் ரம்பப் பல்லைப் போல் வளைந்து வளைந்து மினுங்கும். அது பெரிதாகிப் பாதிப் பார்வையை மறைக்கும். அது போன பிறகு ஒரு பக்கத் தலையில் யாரோ சுத்தியலால் தட்ட ஆரம்பிப்பார்கள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கும் வாசனை ஆகாது. வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வரும். ஒரு நாள் முழுக்க இருட்டில் சுருண்டு கிடந்து எழுந்தால் மறுநாள் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார்.

மழையை மறித்து நிறுத்துகிறவரைப் பாவாங் என்போம். சகிரான் பாவாங் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் இல்லை. அவரைக் கண்டுபிடித்தது ஊர். பல வருடங்களுக்கு முன்னால் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், நெற்றிப் பொட்டு இரண்டிலும் வலிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, சமையல்கட்டுக்குப் பின்னால் விறகுக் குவியலோரம் சுருண்டு கிடந்தார். அன்று காலையிலிருந்து மலை உச்சியில் மேகம் கறுத்து நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடியே சாப்பிட்டார்கள். கடைசி விருந்தாளி போகிற வரைக்கும் ஒரு துளி விழவில்லை. சாயங்காலம் சகிரானின் தலைவலி விட்டது. அவர் எழுந்து வந்து முகம் கழுவினார். மழை கொட்டியது.

பந்தலும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் ஜுமாதி அங்கேதான் இருந்தான். உலகத்தின் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படி யாரோ ஒருவர் சரியான நேரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்ததால் நடந்தவைதான்.

"பாக், உங்க தலைவலி எப்ப வந்துச்சு?"

"காலையில."

"எப்ப போச்சு?"

"இப்பத்தான்."

ஜுமாதி வானத்தைப் பார்த்தான். சகிரானின் தலையைப் பார்த்தான். "இத்தனை வருஷமா இதை வெச்சுக்கிட்டா நீங்க டயர் ஒட்டிக்கிட்டு இருந்தீங்க?" என்றான்.

அதற்குப் பிறகு ஜுமாதியின் பந்தலோடு சகிரானும் சேர்ந்து வந்தார். வெறும் தலைவலியை வாடகைக்கு விட்டால் தொழில் மாதிரி இருக்காது என்பதால் முறைகள் சேர்ந்துகொண்டன. தென்னந்துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, ஈர்க்குச்சிகளில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்திவைக்க வேண்டும். சாம்பிராணி புகைய வேண்டும். பாவாங் முதல் நாளிலிருந்து சாப்பிடக் கூடாது, தூங்கக் கூடாது, குளிக்கக் கூடாது. கிராம்புச் சிகரெட்டை ஒன்று மாற்றி ஒன்று பிடித்துப் புகையை மேகத்தைப் பார்த்து ஊத வேண்டும். இவை எல்லாம் தீவு முழுக்க எல்லாப் பாவாங்குகளும் செய்வதுதான். மற்ற ஊர்ப் பாவாங்குகளுக்கு இதனால் பசி வரும். எங்கள் சகிரானுக்குத் தலைவலி வரும். அதனால்தான் எங்கள் ஊர் ஒருபடி மேல்.

கல்யாண வீட்டுக்காரருக்கு அந்தக் காலைப்பொழுது மிகவும் கடினமானது. மாப்பிள்ளை வந்தாரா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு.

"வந்துடுச்சா பாக்?"

"இன்னும் இல்லை."

"ஒரு சிகரெட் பத்த வைக்கட்டுமா? இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போடச் சொல்லட்டுமா? வெயில்ல கொஞ்ச நேரம் நிக்கிறீங்களா?"

கொஞ்ச நேரத்தில் சகிரான் கண்ணை மூடிக்கொண்டு, "வந்துடுச்சு" என்பார். வீட்டுக்காரர் மார்பில் கைவைத்து இறைவனுக்கு நன்றி சொல்வார். செய்தி பந்தலுக்குப் போகும். பெண்கள் முகத்தில் சிரிப்பு வரும். சகிரான் வாந்தியெடுத்தால் இன்னும் நல்லது. உள்ளே வாங்கிய மேகத்தில் அதிகப்படியை வெளியேற்றுகிறார் என்று பொருள். கண்ணுக்குள் மினுங்கும் ரம்பப் பல் வெளிச்சம் அவர் விழுங்கிய மின்னல். வெளிச்சம் ஆகாமல் போவது, அவர் மேகத்தோடு இருப்பதால் சூரியனுக்கு வந்த கோபம். எதற்கும் எங்களிடம் விளக்கம் இருந்தது. அவரிடம் மட்டும் இல்லை. அவர் அந்த நேரத்தில் பேசும் நிலையில் இருப்பதில்லை.

மழை பெய்துவிட்ட நாட்களும் உண்டு. அப்போது, "இன்னிக்கு வலி போதலை" என்பார்கள். சகிரானே அப்படித்தான் நம்பினார். மன்னிப்புக் கேட்பார்.

அவருடைய ஒரே துணை தலைவலிப் பொடி. பெட்டிக்கடை தோறும் சரம் சரமாகத் தொங்கும் சின்னக் காகிதப் பொட்டலம். பிரித்து வாயில் கொட்டி, சர்க்கரை போட்ட சூடான தேநீரைக் குடித்தால் கொஞ்ச நேரத்துக்குச் சுத்தியல்காரன் ஓய்வெடுப்பான். முதலில் கல்யாண நாளுக்கு ஒன்று. பிறகு மறுநாளுக்கும் ஒன்று. பிறகு பொடி போடாத காலையிலும் தலை கனக்க ஆரம்பித்ததால், கனக்காமலிருக்க ஒன்று. சில வருடங்களில் தேநீர் குடிக்கிற போதெல்லாம் பொடி என்றாகி, தலைவலி இல்லாத நாளே இல்லை என்றும் ஆனது.

இதற்கும் ஊரிடம் விளக்கம் இருந்தது. கல்யாணமே இல்லாத கோடைக்காலத்திலும் சகிரானுக்கு வலி இருக்கிறது என்றால் அவர் இப்போது மாவட்டம் முழுவதற்குமான மழையைத் தாங்குகிறார். மேல்தெருவிலிருந்து காரட் பயிரிடும் இரண்டு பேர் கடைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பாக், கோவிச்சுக்காதீங்க. எங்க பயிர் காயுது. உங்க தலைவலியைக் கொஞ்சம் விட்டுக் குடுத்தீங்கன்னா..."

"நான் எங்கப்பா பிடிச்சு வெச்சிருக்கேன்?"

"தெரியும் பாக். இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொன்னோம்."

அவர் மனைவி வாகினெம் மட்டும் இந்தத் தத்துவத்தில் சேரவில்லை. அவளுக்கு வேறு தத்துவம். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது, அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். முதுகில் எண்ணெய் தடவி நாணயத்தின் விளிம்பால் வரி வரியாகச் சிவக்கும்வரை சுரண்டுவாள். அவள் அவரை "பாக்னே" என்பாள். பிள்ளையின் அப்பா என்று பொருள். அவர் அவளை "மாக்னே" என்பார், பிள்ளையின் அம்மா. பிள்ளை பாத்தாம் தீவில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறான்.

ஒரு நாள் மதியம் சகிரான் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இடது பக்கம் உலகமே இல்லாமல் போனது. கை மரத்தது. "ஸ்பானரை எடு" என்று சொல்ல நினைத்து வேறு ஏதோ சொன்னார். காற்றடிக்கும் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்து, காப்பித் தூள் மாதிரிக் கறுப்பாக வாந்தி எடுத்தார். அன்று வாகினெம் நாணயத்தைத் தேடவில்லை. அவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் தான் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரை ஓட்டச் சொல்லி, சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

அங்கே நிங்ரும் என்ற டாக்டர் இருந்தார். இளம் பெண். கீழ்த்தெரு ஹார்த்தாதி அம்மாவின் ஒரே மகள். படித்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். சின்ன வயதில் அவருடைய சைக்கிளுக்குச் சகிரான் எத்தனையோ முறை பஞ்சர் ஒட்டியிருக்கிறார். வயிற்றுக்கு மருந்து கொடுத்து, படுக்க வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து உட்கார வைத்துப் பேசினார். எங்கள் ஊரில் யாரும் சகிரானிடம் தலைவலியைப் பற்றி அவ்வளவு நேரம் கேட்டதில்லை. வந்துவிட்டதா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

"பாக், இதுக்குப் பேரு ஒற்றைத் தலைவலி. மைக்ரேன். காத்தும் இல்ல, மேகமும் இல்ல. சில பேரு மூளை மத்தவங்க மூளையை விடக் கொஞ்சம் கூச்சம் ஜாஸ்தி. எல்லாம் ஒரே மாதிரி நடக்கணும்னு பாக்கும். வேளைக்குச் சோறு, வேளைக்குத் தூக்கம். கொஞ்சம் மாறினா ரகளை பண்ணும்."

"எங்க மாமியார் மாதிரி," என்றாள் வாகினெம்.

"அதேதான். பட்டினி கிடந்தா வரும். ராத்திரி கண் முழிச்சா வரும். வெயில், புகை, காட்டமான வாசனை, இதுக்கெல்லாம் வரும். சில பேருக்கு மழைக்கு முன்னாடி காத்தோட அழுத்தம் மாறும் பாருங்க, அதுக்கே வரும்."

சகிரான் நிமிர்ந்தார். "அப்ப நான் மழையை நிறுத்தலையா?"

"மழை வரப்போகுதுன்னு உங்க தலைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

 இத்தனை வருடம் வீட்டுக்கு வெளியே நிற்கும் நாயைத் தானே காவலுக்கு வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தவர் முகம் மாதிரி சகிரானின் முகம் இருந்தது என்று வாகினெம் பிறகு சொன்னாள்.

"இந்தப் பொடியை நிறுத்தணும்," என்றார் டாக்டர். "எப்பவாவது ஒண்ணு போட்டா வலியை எடுக்கும். தினமும் போட்டா அதுவே வலியைக் கொண்டாரும். உங்க வயித்தை ஓட்டை போட்டதும் அதுதான். நிறுத்தினா முதல்ல ரொம்ப மோசமா இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். அப்புறம் குறையும். தினமும் காலையில இந்த மாத்திரை, வலி வராம இருக்க. வலி ஆரம்பிக்கிறப்பவே இந்த மாத்திரை, முத்தின பிறகு இல்ல. அதையும் வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல தொடாதீங்க. போட்டுட்டு இருட்டு அறையில படுங்க. வேளைக்குச் சாப்பிடுங்க, வேளைக்குத் தூங்குங்க, புகை வேண்டாம், வெயில்ல நிக்க வேண்டாம். கண்ணுல மின்னும்போது கை மரத்துப் போச்சுன்னா உடனே இங்க வாங்க. அது விளையாட்டு இல்ல."

வாகினெம் கணவனைப் பார்த்தாள். டாக்டர் கூடாது என்று சொன்னதை எல்லாம் சேர்த்தால் அது அவருடைய தொழில். ஒன்றுகூட மிச்சமில்லை.

பொடியை நிறுத்திய நாட்களைப் பற்றி வாகினெம் பேசுவதில்லை. வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் போர்வையால் மூடியிருந்தன. சேவலைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். அவர் ஒரு முறை பெட்டிக்கடை வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் பின்னாலேயே போய், கடைக்காரி முன்னால் அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கித் தரையில் கொட்டிக் காலால் தேய்த்தாள். பாவாங்கின் மருந்தை மிதித்தவள் என்று அவளுக்கு ஒரு பெயர் வந்தது.

பிறகு ஒரு நாள் காலை அவர் எழுந்து உட்கார்ந்து, தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மாக்னே, ஏதோ குறையுது."

"என்ன குறையுது?"

"தெரியலை. தலைக்குள்ள ஒண்ணுமே இல்லை."

"அது உங்களுக்குப் பொறந்ததுல இருந்தே இல்லை. எழுந்து வாங்க, சோயாத் தெம்பே பொரிக்கிறேன்."

எண்ணெய் சத்தம் அவரைக் குத்தவில்லை. தகரக் கூரைமேல் வெயில் பளபளத்தது. அதையும் பார்த்தார். சுடச் சுடச் சாப்பிட்டார். இன்னும் கேட்டார். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவர் அழுவதைத் தான் பார்த்ததாக அவருக்குத் தெரிய வேண்டாம் என்று.

இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம். ஆனால் கல்யாண மாதம் வந்துவிட்டது.

முதல் கல்யாணத்தில் சகிரான் நேர்மையாக நடந்துகொண்டார். துடைப்பத்தை நட்டார், மிளகாயைக் குத்தினார், வேளைக்குச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். வானம் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு துளி விழவில்லை. வீட்டுக்காரர் முகம் தொங்கிப் போனது.

"தலைவலி வரவே இல்லையாமே?"

"மழையும் வரலையே அண்ணே," என்றார் சகிரான்.

"அது தானா வராம இருந்தது. அதுக்கு நீங்க எதுக்கு?"

 எங்கள் ஊரில் தர்க்கம் மிகவும் உறுதியானது. ஜுமாதி அன்று மாலையே கடைக்கு வந்தான்.

"பாக், ஜனங்க கஷ்டத்துக்குத்தான் மரியாதை குடுப்பாங்க. சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா யாரு நம்புவா? அந்த டாக்டர் பொண்ணு உங்க தலையைக் கெடுத்துடுச்சு."

அதற்குப் பிறகு வாகினெம்தான் வழி கண்டாள். வலி வேண்டாம், வலியின் முகம் போதும். பிளாஸ்திரியைச் சதுரமாக வெட்டி நெற்றிப் பொட்டுகளில் ஒட்டி, கண்ணாடி முன்னால் உட்கார வைத்துப் பழக்கினாள்.

"முகத்தைச் சுளிங்க."

சுளித்தார்.

"இது பல்வலி."

மறுபடி சுளித்தார்.

"இது கடன்காரனைப் பாத்த முகம். இத்தனை வருஷம் வலிச்சுதே, ஒரு தடவை கூட உங்க முகத்தை நீங்க பாக்கலையா?"

"கண்ணை மூடிக்கிட்டுல்ல இருந்தேன்."

பழகிக்கொண்டார். அந்த மாதம் முழுக்க எங்கள் ஊர் இதற்குமுன் கண்டிராத அற்புதமான தலைவலிகளைக் கண்டது. தள்ளாடுவார், முனகுவார், கையைத் தூக்கி வெளிச்சத்தை மறைப்பார். பெண்கள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓசைப்படாமல் போவார்கள். மறைவாகத் துணிப் பைக்குள் வாகினெம் கொடுத்தனுப்பிய சோற்றுப் பொட்டலம் இருக்கும். தலைவலி இல்லாமலேயே மழை நின்றது. அதாவது, எப்போதும் போல சில நாள் நின்றது, சில நாள் நிற்கவில்லை. அந்தக் கணக்கு மாறவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பிடிபட்டது ஒரு ஹாஜியார் வீட்டில். பலாக்காய்க் கறியின் வாசனை அவ்வளவு நன்றாக இருந்ததாம். சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பளம் எடுக்க வந்த ஒரு பெண் கதவைத் திறந்தாள். நெற்றியில் இரண்டு பிளாஸ்திரி, கன்னம் உப்பும்படி வாய் நிறையச் சோறு. அவள் கத்தவில்லை. வானம்தான் கத்தியது. காலையிலிருந்தே மலைக்கு அந்தப் பக்கம் பெய்துகொண்டிருந்த மழை அந்த நிமிடத்தில் இந்தப் பக்கம் வந்தது. ஜுமாதியின் பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்து, மணமேடை மேல் தொட்டித் தண்ணீர் மாதிரிக் கொட்டியது.

அதோடு தொழில் போயிற்று. வாகினெம் கவலைப்படவில்லை. "போகட்டும். டயர் இருக்குல்ல? ரோட்டுல ஆணி இருக்கிற வரைக்கும் நமக்குச் சோறு இருக்கு," என்றாள். சகிரானும் சரி என்றார். காலையில் மாத்திரை, வேளைக்குச் சோறு, இருட்டியதும் தூக்கம். எப்போதாவது வலி வந்தது. வந்தவுடன் மாத்திரை போட்டுப் படுத்தார். மாலையில் எழுந்து கடையைத் திறந்தார். தலை அவருக்குச் சொந்தமாக இருந்த காலம் அது.

மழை அந்த வருடம் அதிகம். ஒரு விடியற்காலையில் மேல்தெருவில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து ஒரு வீட்டை மூடியது. காரட் பயிரிட்டவரில் ஒருவரும் அவர் மனைவியும் உள்ளே இருந்தார்கள். அந்தச் சரிவில் மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு உருளைக்கிழங்கு போட்டவர்கள் நாங்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் சகிரானைத் திரும்பிப் பார்த்தார். அவரும் மண்வெட்டியோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அன்று காலை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊர் நாகரிகமான ஊர். மறுநாளிலிருந்து அவர் கடைக்கு ஒரு டயரும் வரவில்லை. பஞ்சரான வண்டிகளை அவர் கடை வாசலைத் தாண்டி, சந்தை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.

"நான் சாப்பிடாம இருந்திருந்தா..." என்று ஒரு நாள் ஆரம்பித்தார்.

"பாக்னே, இன்னொரு தடவை இதைச் சொன்னீங்கன்னா நான் பாத்தாமுக்குப் போயிடுவேன்," என்றாள் வாகினெம்.

அதற்குப் பிறகு சொல்லவில்லை. ஆனால் சோற்றைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் வைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஹார்த்தாதி அம்மா ஆளனுப்பினார். மகளுக்குக் கல்யாணம். டாக்டர் நிங்ருமுக்கு. மழைக்காலத்தின் நடுவில். மாப்பிள்ளைக்கு விடுமுறை அப்போதுதான் கிடைத்ததாம்.

சகிரானுக்கு மனசு நிறைந்து போனது. ஊரில் அவருடைய தலையைப் பற்றி உண்மை தெரிந்த ஒரே வீடு. அங்கே வலி வேண்டாம், நடிப்பும் வேண்டாம். துடைப்பத்தை நட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அங்கே ஒரு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டால் ஊரின் முகமும் திரும்பும். வாகினெம் அவருடைய பாத்திக் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"டாக்டரம்மாவைப் பாத்தா வாகினெம் கேட்டதாச் சொல்லுங்க. நல்லாச் சாப்பிடுங்க."

முதல் நாள் காலையில் அவர் போய்ச் சேர்ந்தார். ஹார்த்தாதி அம்மா முன்னேற்பாடுகளில் குறை வைப்பவர் இல்லை. பந்தலுக்கு நான்கு பக்கமும் மிளகாய் குத்தியிருந்தது. மழைக்கு எதிராக எங்கள் பெண்கள் கூரைமேல் எறிகிற, மணப்பெண்ணின் உள்ளாடையும் முறைப்படி ஓட்டின்மேல் எறியப்பட்டிருந்தது. டாக்டர் பட்டம் பெற்றவருடையது என்பதால் அது எந்தச் சலுகையும் பெறவில்லை.

"பாக், இன்னிக்கிலேருந்து சாப்பாடு கிடையாது. சரியா?"

"அம்மா, டாக்டரம்மா பட்டினி கூடாதுன்னு சொல்லியிருக்காங்க..."

"அவ டாக்டர். இது கல்யாணம். ஹாஜியார் வீட்டுல நடந்தது எனக்குத் தெரியாதா? என் தம்பி உங்க கூடவே உக்காந்திருப்பான். தூங்காம பாத்துக்குவான், துணைக்கு."

தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்தார். சிகரெட் தீரத் தீரப் புதியது நீட்டினார். சகிரான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். டாக்டரம்மா ஒரு முறை இந்தப் பக்கம் வந்தால் போதும், ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தார்.

மறுநாள் காலை மலை தெரியவில்லை. மேகம் இறங்கிப் பலாமரத்தின் தலையைத் தொட்டது. காற்று நின்றுவிட்டது. டாக்டர் நிங்ரும் நெற்றியில் கறுப்புக் கோலமும், தலையில் ஆடும் பொன்பூக்களுமாக, இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்கப் பின்கட்டு வழியாக வந்தார். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து நின்றார். சகிரானின் முகம் வெளிறியிருந்தது. உதடு உலர்ந்திருந்தது.

"பாக் சகிரான்? சாப்பிட்டீங்களா?"

"இல்லை, டாக்டரம்மா."

"தூங்கினீங்களா?"

"இல்லை."

"அம்மா! இது என்ன? நான்தான் சொல்லியிருக்கேன்ல? இவருக்கு ஒரு தட்டு சோறு கொண்டாங்க. இப்பவே."

சகிரான் சிரித்தார். வெகு காலத்துக்குப் பிறகு.

ஹார்த்தாதி அம்மா கத்தவில்லை. மகளின் தோளைத் தொட்டு வானத்தைக் காட்டினார். "நிங், ஊரே வந்து உக்காந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செமாராங்லேருந்து வந்திருக்காங்க. அப்பா இந்தப் பந்தலுக்காக எத்தனை நாள் அலைஞ்சாரு. நீ சொல்லு. சோறு போடச் சொல்றதா இருந்தா நான் போடறேன். நீயே சொல்லு."

தூரத்தில் இடி ஒன்று உருண்டது.  மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

டாக்டர் வானத்தைப் பார்த்தார். பிறகு தன்னுடைய சேலையின் தரையில் புரளும் ஓரத்தைப் பார்த்தார். பிறகு சகிரானின் தலையைப் பார்த்தார். நாங்கள் பார்ப்பது மாதிரியே, இடது பக்கம், புருவத்துக்குச் சற்று மேலே.

"பாக்," என்றார். குரல் மிகவும் மென்மையாக இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும். நாளையிலேருந்து மறுபடி சரியா இருந்துக்கலாம். என்ன?"

"சரி, டாக்டரம்மா," என்றார் சகிரான்.

பொன்பூக்கள் ஆடியபடி அவர் உள்ளே போனார். சகிரான் சட்டைப் பையிலிருந்த காகித மடிப்பைத் தொட்டார். எடுக்கவில்லை. அந்த மாத்திரையைத் தந்த கையே இன்று வேண்டாம் என்றுவிட்ட பிறகு அதை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவர் பிறகு வாகினெமிடம் சொன்னார்.

நிக்காஹ் முடிவதற்குள் ரம்பப் பல் வெளிச்சம் வந்தது. பிறகு கை மரத்தது. ஒலிபெருக்கிக்குப் பின்னால் மின்சார இயந்திரம் வைத்த கொட்டகையில் அவரைப் படுக்க வைத்தார்கள். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று பந்தல் முழுக்கப் பரவியது. மாப்பிள்ளையின் அம்மா மறுபடி உட்கார்ந்தார். ஹார்த்தாதி அம்மா தன் கையாலேயே ஒரு தட்டில் தேநீரும், அதன் பக்கத்தில் தலைவலிப் பொடி இரண்டு பொட்டலமும் வைத்து அனுப்பினார். தங்கமான மனசு.

மழை பெய்யவில்லை. கடைசி வண்டி கிளம்பும்வரை ஒரு துளி விழவில்லை.

தலைவலி மூன்றாம் நாள் விட்டது. வெளிச்சமும் போனது. ஆனால் இடது பக்கப் பார்வையில், அது மினுங்கிய இடத்தில், ஒரு சின்ன இருட்டு மிச்சமிருந்தது. இன்னும் இருக்கிறது. சுகாதார நிலையத்தில் டாக்டர் நிங்ரும் இல்லை. கணவரோடு செமாராங் போய்விட்டார். போகுமுன் வாகினெமுக்கு ஒரு பெட்டி இனிப்பும், சகிரானுக்குக் கொஞ்சம் மாத்திரையும் கொடுத்தனுப்பியிருந்தார். மாத்திரை தீர்ந்த பிறகு சகிரான் புதிய டாக்டரிடம் போகவில்லை.

"கண்ணைக் காட்டிட்டு வரலாம், பாக்னே. வாங்க."

"எல்லாம் தெரிஞ்ச டாக்டரேதானே அன்னிக்குப் பட்டினி இருக்கச் சொன்னாங்க, மாக்னே. அதுக்கப்புறம் எதுக்கு?"

வாகினெம் நாணயத்தை எடுத்து, எண்ணெய் தடவி, முதுகில் சுரண்டினாள்.

ஊரில் இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. கண்ணில் தங்கிய இருட்டு, அன்று வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்ட மேகம். ஜுமாதியின் பந்தல் வண்டியில் சகிரானின் படம் பெரிதாக இருக்கிறது, நெற்றியில் பிளாஸ்திரியோடு. "டாக்டர் கல்யாணத்துக்கே இவர்தான்" என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறான். கல்யாண மாதங்களில் அவருக்கு ஓய்வில்லை. மற்ற மாதங்களிலும் வலிக்கு ஓய்வில்லை. பெட்டிக்கடையில் பொடிச் சரத்தை அவருக்கென்று தனியாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

டயர்கள் திரும்பி வந்துவிட்டன. மதியத்தில் அவர் கடைக்குள் பலகையில், கண்ணின் மேல் ஈரத் துணியோடு படுத்திருப்பார். பஞ்சரான வண்டியோடு வருகிறவர்கள் வாசலில் குந்தி உட்கார்ந்து காத்திருப்பார்கள். மணியடிப்பதில்லை, சத்தமாகப் பேசுவதில்லை. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு தூரமாகப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் வேறு எந்த நோயாளிக்கும் அவ்வளவு மரியாதை கிடையாது. அவர் திடுக்கிட்டு எழுந்தால், தலைக்குள் இருக்கிற மழை சிந்திவிடுமே.